குதிகால் ஸ்கேன்: அளவைவிடக் கைதான் முக்கியம்

தைப்பூசம் நெருங்குகிறது. பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் முன் குதிகால் வலிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாமா என்று ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் பக்கத்துக் கடிதங்களில் ஒரே குழப்பம். கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவருக்கு ஓரிடத்தில் 4.4 மி.மீ., இன்னோரிடத்தில் 3.8 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தாளை நம்புவது?

இரண்டும் பொய்யில்லை. உள்ளங்கால் சவ்வு குதி எலும்பில் ஒட்டுமிடத்தில் 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான் கணக்கு. அரை மி.மீ. முன்னே பின்னே போவது அளக்கும் புள்ளியை எங்கே வைத்தார்கள் என்பதிலேயே வந்துவிடும். பருத்த உடம்புக்காரருக்கு வலி இல்லாமலே தடித்திருக்கலாம். வலிக்காத காலையும் அளந்து எழுதாத ரிப்போர்ட் என் கணக்கில் அரை ரிப்போர்ட்தான்.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்தச் சவ்வு ஒரே திசையில் ஓடும் நார்களால் ஆனது. ஒலி செங்குத்தாக விழுந்தால் எதிரொலி நேரே புரோபுக்கே, அதாவது காலில் வைத்துப் பார்க்கும் கருவிக்கே, திரும்பும். திரையில் நார் வெளுப்பாகத் தெரியும். சிறுபிள்ளைகள் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அடிப்பார்களே, அந்தக் கதைதான்: புரோப் சில டிகிரி சாய்ந்தாலே எதிரொலி வேறெங்கோ போய்விடும், நல்ல நாரும் கறுத்துவிடும். வீக்கமும் கிழிசலும்கூடத் திரையில் கறுப்பாகவே தெரியும். தேர்ந்த கை புரோபை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கும். கறுப்பு மறைந்தால் அது சாய்வு செய்த வேலை. நம் கையில் கொடுக்கும் அசையாத படத்தில் இந்தச் சோதனை தெரியாது. அதை வைத்து இன்னொரு மருத்துவர் என்னதான் சொல்வார்?

பித்த வெடிப்பு இருந்தால் இன்னும் சிக்கல். வெடிப்பில் நிற்கும் காற்றைத் தாண்டி ஒலி போகாது. ஜெல்லை உள்ளே தேய்த்து நிரப்ப வேண்டும்.

‘அரசுப் பதிவு பெற்ற மையம்’ என்ற பலகை? அந்தப் பதிவு, கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக. குதிகால் பார்க்கும் திறமைக்கு அது சான்றிதழ் இல்லை.

மற்றக் கேள்விகள்:

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டுமா? காலையில் முதல் அடி வைத்ததும் சுளீரென்றால், அழுத்திப் பார்த்தே மருத்துவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

3.8 என்றால் வெறுங்காலில் நடக்கலாமா? வலிக்கிற கால் வலிக்கிற கால்தான். அளவைக் கேட்டு நடக்காதீர்கள்.

கருவேல முள் ஒடிந்து உள்ளே நிற்கிறதா? எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. இதற்கு ஸ்கேன்தான் கெட்டி.

எலும்புக்குள் கோளாறு? ஸ்கேன் எலும்பின் மேற்பரப்போடு நின்றுவிடும், எம்.ஆர்.ஐ. பாருங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு ஆறாத புண்? ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் எலும்புவரை கிருமி போகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.