பின்னால் வரும் வீடு ஏன் ஆடுகிறது?

கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர்களில் சிலர் இப்போது கோடை விடுமுறைக்கு ஹோட்டல் எடுப்பதில்லை. வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். என் அத்தானிடம் இருப்பது ‘பிஃப்த் வீல்’ கேம்பர். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள பெரிய பெட்டியை ஒரு பிக்கப் இழுத்துச் செல்லும். சென்ற கோடையில் நெடுஞ்சாலை 400 வழியே ரொறன்ரோ திரும்பும்போது பாரவூர்தி ஒன்று முந்திச் செல்ல, பெட்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிட்டது. அக்காவும் பிள்ளைகளும் பிக்கப்பில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவே உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில் வைத்தியம் சொல்லப்பட்டது: “ஆட்டத்தைத் தடுக்கிற கம்பி ஒன்றை வாங்கிப் பூட்டு.”

அந்த ஆலோசனைதான் என்னை இதை எழுத வைத்தது. அந்தக் கம்பிகள் வேறு வகைப் பெட்டிகளுக்கானவை. சாதாரண கேம்பர், வாகனத்தின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குண்டில் கொழுவப்படும். குண்டு பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், பெட்டி பக்கவாட்டில் தள்ளும்போது அந்த இடைவெளி நெம்புகோல்போல வேலை செய்து வாகனத்தையே திருப்பப் பார்க்கும். பிஃப்த் வீல் அப்படியல்ல. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் வாகனங்களைப் பார்த்திருப்பீர்கள், அதே பொருத்துத்தான். பெட்டியின் அடியிலுள்ள தடித்த உருக்கு ஆணி, பிக்கப்பின் தட்டில், பின் அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் பூட்டப்படும். நெம்புவதற்கு இடமில்லை. ஆகவே பிஃப்த் வீல் ஆடினால் எங்கோ ஒரு பிழை இருக்கிறது. கம்பி வாங்குவதல்ல, அந்தப் பிழையைத் தேடுவதுதான் வேலை.

முதலில், ஆட்டம் எந்தத் திசையில் என்று கவனியுங்கள். முன்னும் பின்னும் இடிப்பது வேறு கதை. பெரும்பாலும் ஆணியைப் பிடிக்கும் தாடை தேய்ந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். பக்கவாட்டில் ஆடினால் முதற் சந்தேகம் பாரத்தின் மேல்தான் விழ வேண்டும்.

பெட்டியின் மொத்த நிறையில் 15 முதல் 25 வீதம் வரை அந்த ஆணியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 10,000 இறாத்தல் பெட்டி என்றால் ஏறக்குறைய 2,000 இறாத்தல். சிறிய பிக்கப்கள் பலவற்றுக்கு ஏற்றக்கூடிய மொத்தப் பாரமே அவ்வளவுதான். அதற்குள் ஆட்களும் பொருத்துச் சாதனமும் அடங்கும். சாரதி பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இது இருக்கிறது. வாங்கும் நாளில் அதை வாசிப்பவர்கள் குறைவு. பிக்கப் பின்பக்கம் தாழ்வதைக் கண்டதும் சாமான்களைப் பெட்டியின் வாலுக்கு நகர்த்துகிறார்கள். தாழ்வு குறைந்துவிடும். ஆனால் ஆணி இலேசாகி, வால் கனத்து, ஒரு காற்று அடித்தாலே ஆடத் தயாராகிவிடும்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. 200 லீற்றர் என்றால் 200 கிலோ. போகும்போது ஆடாத பெட்டி வரும்போது ஆடுவது இதனாலும் இருக்கலாம். நல்ல தண்ணீர்த் தொட்டி வெறுமையாகி, வேறொரு மூலையிலுள்ள கழிவுத் தொட்டி நிறைந்திருக்கும். அத்தானின் பெட்டியில் அதுவும் இருந்தது. பின் பம்பரில் நான்கு சைக்கிள்களும் இருந்தன.

ஊகிக்கத் தேவையில்லை, நிறுத்துப் பார்க்கலாம். அங்கே பாரவூர்திகள் தரிக்கும் இடங்களில் எடைமேடைகள் உண்டு. முதலில் ஆட்களோடு பிக்கப்பை மட்டும், பிறகு பெட்டியைப் பூட்டி நிறுக்க வேண்டும். பிக்கப்பின் அச்சுகளில் கூடிய நிறைதான் ஆணியின் பாரம். அத்தானுக்கு 12 வீதம் வந்தது. சைக்கிள்கள் பிக்கப்புக்கு மாறின, தொட்டி புறப்பட முன்னரே காலியானது.

பாரம் சரியாக இருந்தும் ஆடினால் ரயர்களுக்குப் போங்கள். ஓடுவதற்கு முன், சூடேறாத நிலையில் காற்றைப் பார்க்க வேண்டும். பிக்கப்பின் பின் ரயர்களும் இதில் சேர்த்தி. ரயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். பெட்டியின் மூக்கு மேலே தூக்கி நின்றாலும் பாரம் பின் அச்சுக்குப் போய்விடும். வேகமும் இருக்கிறது: ட்ரெய்லர் ரயர்கள் பல மணிக்கு 65 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 105 கிலோமீற்றருக்கு மேல் ஓட வடிவமைக்கப்பட்டவை அல்ல. மற்றவர்கள் 120இல் பறப்பதைப் பார்த்து நாமும் மிதிக்கக் கூடாது.

ஓடும்போதே ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டி நேராக்கவும் முயலாதீர்கள். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பெட்டியின் பிரேக்கை மட்டும் இயக்கும் கைப்பிடியை மெல்ல அழுத்த வேண்டும். அது சாரதியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வெறும் வீதியில் ஒருமுறை தொட்டுப் பழகாத கைக்கு, அவசரத்தில் அது அகப்படாது.

ஊரிலிருந்து போகும் அம்மம்மாவை “பின்னால் கட்டிலில் படுங்கோ” என்று சொல்லும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. ஒன்ராறியோவில் ஓடிக்கொண்டிருக்கும் கேம்பருக்குள் ஆட்கள் இருப்பது சட்டப்படி குற்றம்.