நாலாவது விரலை மடக்கிப் பாருங்கள்

போன வாரம் டாக்டர் பர்மனில் நின்றோம். கணுக்கால் மூட்டில் இடுக்கு போதாது, உள்ளே குழாய் விட்டுப் பார்க்க லாயக்கில்லை என்று நியூயார்க்கில் 1931-ல் அவர் கைவிரித்ததும், 1972-ல் டோக்கியோவின் வதனபே 1.7 மி.மீ. குழாயோடு வந்து அதைப் பொய்யாக்கியதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் குதிகால் பக்கமாக உள்ளே போகும் வழியைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். முன்வாசலிலேயே ஒரு நரம்பு என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி, உள்பக்கமாகச் சாய்த்து, சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலைக் கையால் கீழே மடக்குங்கள். சதைப்பற்று இல்லாத காலாக இருந்தால், கணுக்காலின் முன்பக்கத்தில், வெளிப்புற எலும்பு முண்டுக்குச் சற்று உள்ளே, மேலிருந்து விரலை நோக்கிச் சாய்வாக இறங்கும் மெல்லிய நூல் ஒன்று தோலைத் தூக்கிக்கொண்டு தெரியும். நீலமாக நெளிந்து போகிறவை சிரைகள், அவற்றை விட்டுவிடுங்கள். விரலை ஆட்டினால் கூடவே ஓடுகிறவை தசைநாண்கள், அவையும் இல்லை. ஓடாமல் விறைத்து நிற்கும் அந்த நூல்தான் சூப்பர்ஃபிஷியல் பெரோனியல் நரம்பு. பாதத்தின் மேல்தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது பெரும்பாலும் இதுதான். மனித உடம்பில் வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியவைக்க முடிகிற ஒரே நரம்பு இது என்று கணுக்கால் அறுவை நிபுணர்கள் எழுதுகிறார்கள்.

இதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த யாருடைய காலும் தப்பவில்லை. குனிந்து காலைப் பிடித்ததும் பெரியப்பா, "நல்லா இருப்பா, நல்லா இரு" என்று ஆசீர்வாதமே செய்துவிட்டார். அவருக்கு நரம்பு தெரியவில்லை, வீங்கிய கால். அவர் மருமகளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

ஒரே நரம்பு என்று சொல்லும்போது தொழுநோய் மருத்துவர்கள் குறுக்கிடுவார்கள். அந்த நோயில் நரம்பு தடித்து, காதுக்குக் கீழே கழுத்தில் கயிறுபோல் புடைத்துத் தெரிவதுண்டு. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் நரம்புகளை விரலால் உருட்டிப் பார்த்தே நோயின் போக்கைப் படித்தார்கள். அப்படி உருட்டிப் பார்க்கிற இடங்களில் நம் கணுக்கால் நரம்பும் ஒன்று. ஆனால் நோயில்லாத காலில், சும்மா ஒரு விரலை மடக்கி வரவழைப்பது வேறு வித்தைதான்.

வித்தை எதற்கு? கணுக்கால் ஆர்த்ராஸ்கோப்பிக்கு, அதாவது மூட்டுக்குள் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் அறுவைக்கு, முன்பக்கம் வழக்கமாக இரண்டு துளைகள். உள்பக்கத் துளை, கணுக்காலின் முன்னால் தடித்து நிற்கும் டிபியாலிஸ் தசைநாணை ஒட்டி. வெளிப்பக்கத் துளை, சிறுவிரல்களுக்குப் போகும் தசைநாண்களுக்கு அப்பால். இந்த நரம்பின் கிளை அதே இடத்தில்தான் படுத்திருக்கிறது. கணுக்கால் அறுவை நிபுணர் ஃபெர்கலின் குழுவினர் 2001-ல் 612 அறுவைகளைக் கணக்கெடுத்தபோது 9 சதவீதத்தில் சிக்கல். அதில் ஏறக்குறையப் பாதி நரம்புக் காயம். அதிலும் பெரும்பங்கு இந்த நரம்புக்கு. பட்டால் கால் விழுந்துவிடாது. பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும், அல்லது செருப்பு வார் உரசினாலே ஷாக் அடிக்கும். ஒரு சின்ன எலும்புத் துணுக்கை எடுக்கப்போனவருக்கு இது கொஞ்ச நஞ்சத் தண்டனை இல்லை.

அதனால் விரலை மடக்கி, நரம்பை வரவழைத்து, தோலில் பேனாவால் கோடு போட்டுவிடுகிறார்கள். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அங்கேதான் கதையைத் திருப்புகிறது. ஆம்ஸ்டர்டாமின் டி லீயுவும் வான் டைக்கும், பார்சிலோனாவின் உடற்கூறு நிபுணர் பாவ் கொலானோவும் சேர்ந்து, இறந்தவர்களின் கால்களில் அளந்து பார்த்தார்கள். மடக்கிய பாதத்தை நேராக்கினால் நரம்பு வெளிப்பக்கமாக நகர்கிறது, சராசரி 2.4 மி.மீ. பாதத்தை இன்னும் மேலே தூக்கினால் 3.6 மி.மீ. கோடு போட்ட இடத்தில் கோடு இருக்கிறது, நரம்பு இல்லை! இதில் இன்னொன்று: வான் டைக் முறையில் முன்பக்கத் துளை போடுவதே பாதத்தை மேலே தூக்கி வைத்துத்தான். முன்பக்கம் இடம் விரியும், குருத்தெலும்பு உள்ளே ஒளிந்து தப்பிக்கும் என்பதால். அதாவது நரம்பு அதிகம் நகர்ந்திருக்கும் நிலையில்தான் கத்தி இறங்குகிறது. கோட்டுக்கு வெளியே தள்ளிக் கீறினால் பத்திரம் என்று நினைப்பவர் நேராக நரம்பின் மேலேயே இறங்குவார். கோட்டுக்கு உள்பக்கம்தான் கீற வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் என்ன பெரிய தூரம் என்று கேட்காதீர்கள். உள்ளே போகும் கேமராக் குழாயில் பெரிய அளவே 4 மி.மீ.தான்.

மற்ற ஏற்பாடுகள் எளிமையானவை. கத்தி தோலை மட்டும் கீறும், அதுவும் நரம்பு ஓடும் திசையிலேயே, நெட்டுவாக்கில். அதற்குக் கீழே கத்திக்கு வேலையில்லை; முனை மழுங்கிய சிறு இடுக்கியால் விலக்கி விலக்கித்தான் மூட்டை அடைகிறார்கள். விலக்கினால் நரம்பு ஒதுங்கும், கீறினால் அறும். ஒரு துளை வழியே கேமரா போனபின் அறை விளக்கை மங்கவைத்தால், உள்ளிருந்து வரும் வெளிச்சத்தில் தோல் சிவந்து, சிரைகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அடுத்த துளைக்கு அவற்றைத் தவிர்த்து இடம் பார்க்கலாம். நட்டநடுவில் தமனியும் இன்னொரு நரம்பும் சேர்ந்து போவதால் அங்கே துளை போடப் பலர் துணிவதில்லை.

உள்பக்கத் துளைக்கு அருகே ஓடுவது உடம்பிலேயே நீளமான சிரை, கிரேட் சஃபீனஸ். உள்கணுக்கால் முண்டுக்கு முன்னால் அது தவறாமல் இருக்கும். ரத்தம் வடிந்து மற்ற சிரைகள் சுருங்கிய நோயாளிக்கு, டாக்டர்கள் இங்கே கீறித்தான் சலைன் ஏற்றினார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு அதே பெயரில் ஒரு நரம்பும் போகிறது. இதய பைபாஸுக்குக் காலிலிருந்து சிரை எடுத்தவர்கள் சிலருக்குக் காலின் உள்பக்கம் மரத்துக் கிடப்பது இந்த ஒட்டுறவால்தான். தொடையில் டூர்னிக்கே கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டால் சிரை வற்றி மறைந்துவிடும் என்பதால், கட்டுவதற்கு முன்பே இதையும் பேனாவால் குறித்துவிட வேண்டும்.

2012-ல் ஆம்ஸ்டர்டாம் குழு 1,305 அறுவைகளின் கணக்கை வெளியிட்டபோது சிக்கல் 3.5 சதவீதம். மூட்டை இழுத்துப் பிடிக்கும் கருவியை நிரந்தரமாக மாட்டிவைக்காததும் காரணம் என்கிறார்கள். என் கட்சி பேனாக் கட்சிதான். கேமரா விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இராது அது.

பக்கம் முடிகிறது என்கிறார்கள். குதிகால் வழி அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் யாராவது கணுக்கால் அறுவைக்குப் போவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள்: சர்க்கரையாலோ பழைய சுளுக்காலோ பாதத்தில் ஏற்கெனவே மரத்த இடம் இருந்தால், அறுவைக்கு முன்பே டாக்டரிடம் தொட்டுக் காட்டி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். புதிதாக மரத்தால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.