காய்ச்சலுக்கு ஒரு சோதனை போதுமோ?

கோடை விடுமுறை முடிந்து லாச்சப்பல் பக்கம் வந்தால், "ஊருக்குப் போய் வந்தனீங்களோ?" என்பதுதான் முதல் கேள்வி. "வந்தபிறகு காய்ச்சல் ஏதும் வந்ததோ?" என்று கேட்பவர் குறைவு.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரை மலேரியாவுக்குப் பறிகொடுத்த தீவு அது. ஆனால் நம்மில் பலர் ஊருக்குப் போகும் வழியில் சென்னை, திருச்சி என்று உறவுகளையும் பார்த்து, கோயில் கும்பிட்டு வருகிறோம். இந்தியாவில் மலேரியா இன்னும் இருக்கிறது.

"வன்னியில காணாத மலேரியாவோ!" என்று சொல்லி பனடோல் போட்டுப் படுப்பவர்களும் உண்டு. அன்று உடம்பில் இருந்த எதிர்ப்புச் சக்தி இத்தனை வருடத்தில் குறைந்துபோயிருக்கும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அது அறவே இல்லை.

சரி, சோதனை செய்தாயிற்று, 'நெகட்டிவ்' என்கிறார்கள். எந்தச் சோதனை?

விரைவுச் சோதனைக்கு ஒரு சொட்டு இரத்தம், கால் மணி நேரம் போதும். ஆபத்தான பல்சிபாரம் வகையை நன்றாகப் பிடிக்கும். வைவாக்ஸ் வகையில் சற்றுப் பலவீனம். இரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தால் தவறவிடலாம். மாறாக, குணமான பிறகும் சில வாரங்கள் 'பொசிட்டிவ்' காட்டலாம்.

நுணுக்குக்காட்டிச் சோதனை பழையது. 1880இல் பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லாவெரான் அல்ஜீரியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டதும் அப்படித்தான். எந்த வகை, எவ்வளவு கிருமி என்று அது சொல்லும். ஆனால் பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

மரபணுவைத் தேடும் லாம்ப், பிசிஆர் சோதனைகள் மிக நுட்பமானவை. சொற்பக் கிருமியையும் கண்டுபிடிக்கும். கிருமியின் அளவை அறிய அப்போதும் நுணுக்குக்காட்டி வேண்டும்.

ஆகவே விரைவுச் சோதனையோ நுணுக்குக்காட்டியோ ஒருமுறை 'இல்லை' என்றாலும் காய்ச்சல் விடவில்லையென்றால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் திரும்பச் சோதிக்க வேண்டும்.

வைவாக்ஸ் மாதக்கணக்கில் ஈரலில் ஒளிந்திருக்கும். ஓகஸ்ட் பயணத்தின் காய்ச்சல் மார்கழியிலும் வரலாம். தடிமன் காய்ச்சல் என்றே டொக்டரும் நினைப்பார். "இந்தியாவுக்குப் போய் வந்தனான், பலுடிஸ்ம் சோதிக்க வேணுமோ?" என்று நீங்களே கேளுங்கள். பயணத்தைச் சொல்லாமல் விட்டால், எவ்வளவு நல்ல சோதனை இருந்தும் பயனில்லை.