முதல் வேடம் இளவரசன்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் திருநங்கை சூப்பர் நாயகி நிகோல் மெய்ன்ஸ். ஸ்டூடியோவுக்குள் நுழையும் முன்பே அவர் நிறைய நடித்துவிட்டிருந்தார்.

அமெரிக்காவில் அக்டோபர் 31 'ஹாலோவீன்' தினம். குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் நாள். மெய்ன்ஸ் வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒரு வருடம், ஒரு குழந்தை 'டாய் ஸ்டோரி' படத்து விண்வெளி வீரன் பஸ் லைட்இயராக வேண்டும் என்றது. இன்னொன்று இளவரசியாக வேண்டும் என்றது. முதல் குழந்தை கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டாவது குழந்தை விஷயத்தில் தாய் கெல்லி ஒரு சமரசம் செய்துகொண்டார். ராஜ குடும்பத்து வேடம்தான், ஆனால் இளவரசன்.

இளவரசனாக்கப்பட்ட அந்தக் குழந்தைதான் நிகோல். 1997 அக்டோபர் 7ஆம் தேதி பிறந்தவர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவான இரட்டையர் என்பதால் அவருக்கும் சகோதரர் ஜோனஸுக்கும் மரபணுக்கள் ஒன்றே. ஒருவர் பொம்மை வாளைச் சுழற்ற, மற்றவர் கடற்கன்னிப் பொம்மைகளோடு கிடந்தார். நான்கு வயதில் பார்பி பொம்மை போட்ட பிறந்தநாள் கேக்தான் வேண்டும் என்று அடம் பிடித்தார்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு நிம்மதி. ஆங்கிலத்தில் இக்கதையை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஹீ'யா 'ஷீ'யா என்று தடுமாறுவார்கள். தமிழில் குழந்தை 'அழுதது', 'சிரித்தது', 'அடம் பிடித்தது'. ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய நாம் அவசரப்படுவதில்லை. வளர்ந்த பிறகு இருக்கவே இருக்கிறது 'அவர்'. நிகோலுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் பல புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. அவரே விட்டுவிட்ட பெயரை நாம் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

குடும்பம் வசித்தது வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், பல்கலைக்கழக ஊரான ஓரோனோவில். (குடும்பப் பெயரும் மாநிலத்தின் பெயரும் ஒன்றுபோல ஒலிப்பது தற்செயல்.) தந்தை வெய்ன் விமானப் படையில் இருந்தவர், வேட்டைக்காரர், அரசியலில் பழமைவாதி. தன் இரு மகன்களையும் வேட்டைக்கு அழைத்துப் போகும் நாளுக்காகக் காத்திருந்தவர். மனைவி கணினி முன் உட்கார்ந்து குழந்தைக்கு என்னவென்று தேடிக்கொண்டிருக்க, அவர் அந்தப் பேச்சையே தவிர்த்தார். கடைசியில் அவருக்குப் பாடம் எடுத்தது டாக்டரோ மனோதத்துவ நிபுணரோ இல்லை. பள்ளிச் சிறுவனாக இருந்த ஜோனஸ்தான் ஒருநாள் தந்தையிடம், உங்களுக்கு இருப்பது ஒரு மகனும் ஒரு மகளும், ஒப்புக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியும் ஒத்துழைத்தது. நிகோல் என்ற பெயர், நீண்ட முடி, மற்றப் பெண்களோடு பெண்கள் கழிப்பறை, யாருக்கும் தொந்தரவில்லை. 2007இல் ஒரு மாணவன், வீட்டுப் பெரியவர் ஒருவரின் தூண்டுதலால், நிகோலைத் தொடர்ந்து பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தான். நிகோல் போகலாமென்றால் நானும் போகலாம் என்பது அவன் வாதம். பள்ளி நிர்வாகம் கண்டுபிடித்த தீர்வு விசித்திரமானது: நிகோல் இனி ஆசிரியர்களின் தனிக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். பிறகு அவர் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து கண்காணிக்க ஒரு பெரியவரும் நியமிக்கப்பட்டார். பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு காவல்!

குடும்பம் இரண்டானது. தாயும் பிள்ளைகளும் தெற்கே போர்ட்லண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தனர். ஓரோனோவில் வேலையை விட முடியாத தந்தை, வார இறுதிகளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காரோட்டி வந்து போனார். புதிய பள்ளியில் நிகோல் யார் என்று யாருக்கும் சொல்லவில்லை. தோழிகளை வீட்டில் தங்கவைக்க பயம். பழைய புகைப்படங்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஜோனஸும் வாய் திறக்கக் கூடாது. இந்த நாடகம் இரண்டு வருடம் ஓடியது. நிகோல் நடித்ததிலேயே மிகக் கடினமான பாத்திரம் இதுதான் என்று தோன்றுகிறது. கைதட்டலும் கிடையாது, இடைவேளையும் கிடையாது.

அந்த நாடகத்துக்கு அவரே திரை போட்டார். 2011இல் மெய்ன் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. திருநர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்பதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும் மசோதா. 13 வயது நிகோல் தந்தையோடு சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பேசினார். மசோதா தோற்றது.

ஓரோனோ பள்ளிக்கெதிரான வழக்கோ இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நீதிமன்ற ஏடுகளில் அவர் பெயர் நிகோல் இல்லை, 'சூசன் டோ'. சிறார் என்பதால் கொடுக்கப்பட்ட புனைபெயர். 2012இல் கீழ் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. பள்ளி பிடித்துக்கொண்டிருந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் கட்ட வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தை. 2014 ஜனவரி 30ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அந்தச் சட்டம் சுகாதாரத்துக்கானது. எந்தக் கழிப்பறையை யார் பயன்படுத்துவது என்பதை அது சொல்லவில்லை. நிகோலை விலக்கியது மாநில மனித உரிமைச் சட்டத்தை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. ஒரு மாநில உச்ச நீதிமன்றம் திருநங்கை மாணவி ஒருவருக்கு இப்படிப்பட்ட உரிமையை அங்கீகரித்தது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. (நம் உச்ச நீதிமன்றத்தின் 'நால்சா' தீர்ப்பு வந்தது அதே ஆண்டு ஏப்ரலில்.) பிறகு 75,000 டாலர் கொடுக்கவும் உத்தரவானது. விவகாரம் ஓய்ந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் அதிபர் டிரம்பும் மெய்ன் ஆளுநர் ஜேனட் மில்ஸும் நேருக்கு நேர் மோதிக்கொண்டது திருநங்கை மாணவியர் விளையாட்டில் கலந்துகொள்வது பற்றித்தான்.

ஆக, நடிக்க வருமுன்பே நிகோல் ஒரு 'கேஸ்'. 2015இல் அவர் குடும்பத்தைப் பற்றி ஏமி எல்லிஸ் நட் எழுதிய 'பிகமிங் நிகோல்' வெளிவந்ததும் ஒரு புத்தகமாகவும் ஆகிவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்குத் தொலைக்காட்சி வழக்கமாகத் தரும் இடம் பேட்டி நாற்காலி. பிரபலமான வலியை வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். 2016இல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய 'தி டிரான்ஸ் லிஸ்ட்' ஆவணப் படத்தில் அவரும் பேசினார்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே கேமராவின் முன் வேறு மாதிரி நின்றுவிட்டார். 2015 ஜூனில், 'ராயல் பெய்ன்ஸ்' என்ற டாக்டர் தொடரின் ஒரு எபிசோடில் சின்ன வேடம். ஹார்மோன் சிகிச்சையால் உடல்நிலை ஆபத்துக்குள்ளாகும் ஒரு திருநங்கைப் பெண். நிகோலுக்கு அப்போது வயது 17. பணக்காரர்கள் கோடை கழிக்கும் ஹாம்ப்டன்ஸில் நடக்கும் தொடரில், நோயாளி எண் இத்தனை என்று வந்து போகும் வேடம்தான். என்றாலும் எழுதிக் கொடுத்த வசனத்தைத் தானல்லாத ஒருத்தியாக நின்று சொன்னது அதுவே முதல் முறை.

பிறகு மூன்று வருடம் தொலைக்காட்சியில் சொல்லும்படி வேடமில்லை. மெய்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

2018 ஜூலையை ஹாலிவுட் எளிதில் மறக்காது. ஸ்கார்லெட் ஜோஹான்சன் ஒரு திருநம்பியின் பாத்திரத்தில் நடிக்க ஒப்புக்கொண்டு, எழுந்த எதிர்ப்பில் விலகிக்கொண்டது அந்த மாதம்தான். திருநர் பாத்திரங்களில் மற்றவர்கள் நடித்துப் பரிசு வாங்குவது அங்கே பழகிப்போன சங்கதி. 'டிரான்ஸ்பேரன்ட்' தொடருக்காக ஜெஃப்ரி டாம்பர் இரண்டு எம்மி விருதுகள் வாங்கியிருந்தார். அந்தச் சூடு தணிவதற்குள் ஜூலை 21ஆம் தேதி சான் டியாகோ காமிக்-கான் விழாவில் 'சூப்பர்கேர்ள்' குழு அறிவித்தது: நான்காவது சீஸனில் நியா நால் என்ற இளம் நிருபர் வருகிறார், போகப்போக 'ட்ரீமர்' என்ற சூப்பர் நாயகி ஆவார், நடிப்பவர் 20 வயது நிகோல் மெய்ன்ஸ். அந்தச் சமயம் பத்திரிகைகளிடம் நிகோல் சொன்னதன் சாரம் இது: திருநர் வேடத்தை மற்றவர்கள் போடும்போது, திருநராக இருப்பதே ஏதோ ஒரு வேடம் என்ற எண்ணத்தைத்தான் அது வளர்க்கிறது. இளவரசனாக உடுத்தப்பட்டவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

2018 அக்டோபர் 14ஆம் தேதி சீஸன் தொடங்கியது. முதலில் நியா ஒரு பரபரப்பான கற்றுக்குட்டி நிருபர், அவ்வளவுதான். வேற்றுக்கிரகவாசிகள் தாக்கப்படும்போது பத்திரிகை மௌனமாக இருக்கக் கூடாது என்று ஆசிரியரிடம் வாதாடும் காட்சியில், தான் ஒரு திருநங்கை என்பதை வாதத்தின் ஒரு பகுதியாக, போகிற போக்கில் சொல்கிறார். பின்னணி இசை வீங்கி எழவில்லை.

2019 ஜனவரி 27ஆம் தேதி ஒளிபரப்பான 'பிளட் மெமரி' எபிசோட்தான் பாத்திரத்தின் உயிர். நியாவின் தாய் நால்டர் என்ற கிரகத்தைச் சேர்ந்தவர். எதிர்காலத்தைக் கனவில் காணும் சக்தி அந்த வம்சத்தில் தாயிடமிருந்து மகளுக்கு, தலைமுறைக்கு ஒருத்திக்கு மட்டும் வரும். மூத்த மகள் மேவ் அதற்காகவே ஆயுள் முழுக்கத் தயாராகி வந்தவள். சக்தியோ நியாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தாய் இறந்த வேளையில் உண்மை வெளிப்பட, இதுவரை தங்கையின் பக்கம் நின்ற அதே அக்கா, நீ உண்மையான பெண்ணே இல்லையே என்று வெடிக்கிறாள்.

இங்கே எழுத்தாளர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்ட வேண்டும். மகள்களுக்கு மட்டுமே போகும் சொத்து அது. வழக்கு, டாக்டர் சான்றிதழ், சட்டமன்றம் என்று எதுவுமில்லாமல், ரத்தமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிகோலின் நிஜ வாழ்க்கையோ நேர் எதிர். அங்கே உலகம் சந்தேகப்பட்டபோது கூடப்பிறந்தவன் நம்பினான். கதையில் மற்றவர்கள் ஏற்கும்போது கூடப்பிறந்தவளே கைவிடுகிறாள். தனக்கு நேராத அந்தத் துரோகத்தை நிகோல் நடித்துக் காட்டும் விதத்தில், சொந்தக் கதையைச் சொல்லும் 'கேஸ்' காணாமல் போய் ஒரு நடிகை தெரிகிறார். அழுது தீர்க்கவில்லை, அடி வாங்கிய முகம் மெல்ல வெளிறிப்போகிறது.

எல்லா வாரமும் இந்தத் தரம் என்று சொல்ல முடியாது. சில எபிசோட்களில் வசனம் சுவரொட்டி போல ஒலித்தது. ஏப்ரலில் வந்த 'அமெரிக்கன் ட்ரீமர்' எபிசோடில் முகமூடி அணிந்த ட்ரீமர் நேரடி ஒளிபரப்பில் தோன்றி, தான் பாதி மனுஷி, பாதி வேற்றுக்கிரகவாசி, அத்துடன் திருநங்கை என்று அறிவிக்கிறார். சாதாரணமாக இது பிரசங்கமாகப் போயிருக்க வேண்டியது. போர்ட்லண்டில் இரண்டு வருடம் மறைந்து வாழ்ந்தவர் சொல்கிறார் என்பதால் தப்பித்தது. 2020 மார்ச்சில் வந்த 'ரியாலிட்டி பைட்ஸ்' இருண்டது; திருநங்கைகளைக் குறிவைத்துத் தாக்கும் ஒருவனை ட்ரீமர் வேட்டையாடுகிறார்; கோபத்தில் எல்லை தாண்டும் விளிம்புக்கே போகிறார்.

இதற்கிடையே 2019இல் திரைவிழாக்களுக்கு வந்த 'பிட்' என்ற ரத்தக்காட்டேரிப் படத்தில் கதாநாயகி வேடம். பெரிய படமில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸுக்கு வரும் அந்த 18 வயதுப் பெண் திருநங்கை என்பதைப் படம் ஒரு ஓரக் குறிப்பாகத்தான் வைத்திருந்தது. அவளுக்கு இருந்த தொல்லைகள் வேறு, முக்கியமாகக் கழுத்தில் பல் பதிந்தது.

2021 நவம்பரில் 'சூப்பர்கேர்ள்' முடிந்தது. ட்ரீமரை நிகோல் விடவில்லை. தொலைக்காட்சிக்காகப் பிறந்த பாத்திரத்தை டி.சி. நிறுவனத்தின் சித்திரக்கதைகளுக்கு அவரே எழுதிக் கொண்டுபோனார். 2021இல் ஒரு சிறுகதை, 2024இல் 'பேட் ட்ரீம்' என்ற முழு நூல். அந்த ஆண்டே தன் வாழ்க்கையையும் சொந்தப் பேனாவால் எழுதி வெளியிட்டார். ஒன்பது வருடம் முன்பு இன்னொருவர் எழுதிய கதை அது.

2023இல் 'எல்லோஜாக்கெட்ஸ்' தொடரின் இரண்டாவது சீஸன். நிகோலுக்கு லீசா என்ற வேடம். ஒரு ஆசிரமம் போன்ற இடத்தில் ஊதா உடைக் கூட்டத்தோடு வாழும் சாந்தமான பெண். ஜூலியட் லூயிஸ் வந்த வேகத்தில் அவர் கையில் முள்கரண்டியைக் குத்துகிறார். பிறகு இருவரும் நெருங்குகிறார்கள். லீசா திருநங்கையா என்ற கேள்விக்குள் கதை போகவே இல்லை. கையில் கட்டு, வீட்டில் ஒத்துவராத அம்மா, ஒரு தங்கமீன் — இவைதான் அவளைப் பற்றி நமக்குச் சொல்லப்படுபவை.