உயிர் போச்சு... ட்யூன் போகலை!

எல்லாம் ஒரு சாம்பார் வடையில் ஆரம்பித்தது.

போன மாதம் ஆபீஸ் கேன்டீனில் டோக்கனைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், என்னையும் அறியாமல் எதையோ முணுமுணுத்துக் கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த அக்கவுண்ட்ஸ் நண்பர் காதைத் தீட்டிக்கொண்டார். அவர் அதிதீவிர இளையராஜா பக்தர். பாட்டின் முதல் இரண்டு செகண்டைக் கேட்டே படம், வருஷம், கூடப் பாடினது யார் என்பது வரைக்கும் ஒப்பிப்பவர்.

"என்ன மெட்டு சார் இது? நடுநடுவுல தாவுதே?"

"மரியோ சார்."

"எந்த வருஷப் படம்?"

"படம் இல்லை சார், வீடியோ கேம். குண்டா, மீசை வெச்ச ஆள் ஒருத்தன் காளான் தின்னுட்டு ஓடுவானே..."

பெண் பார்க்கப் போன இடத்தில் பையனுக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை பார்த்தார். "பொட்டி கீகீன்னு கத்தறதெல்லாம் உங்களுக்கு மியூசிக்கா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "டாப் ஏழு லிஸ்ட் எழுதிட்டு வரேன். ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்றேன். ஒத்துக்கிட்டா ஒரு மாச வடைச் செலவு உங்களுது" என்று சவால் விட்டேன். பக்கத்து டேபிள்காரர்கள் சாட்சி.

லிஸ்ட்டுக்கு ஒரே ஒரு விதிதான். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது (எங்கள் வீட்டில் அது என் டிபார்ட்மெண்ட்) கூப்பிடாமலே வாயில் வந்து உட்கார வேண்டும். கிராஃபிக்ஸ் பிரமாதம், கதை பிரமாதம் என்ற சிபாரிசெல்லாம் செல்லாது. நோக்கியா போனில் பாம்பு வளர்த்த காலத்தில் நானும் பைத்தியமாகத்தான் இருந்தேன். ஆனால் அதில் பாட்டே கிடையாது. ஸாரி பாம்பே, நீ அவுட்!

ஏழாவது இடத்தில் இரண்டு பேர் ஒண்டுக்குடித்தனம். ஒன்று 'ரோட் ராஷ்'. பைக்கில் போகிறவனைச் சங்கிலியால் அடித்துக் கீழே தள்ளும் அந்தப் புண்ணியமான விளையாட்டேதான். 1996-ல் விண்டோஸுக்கு வந்ததில் சவுண்ட்கார்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் நிஜப் பாட்டுகளையே போட்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டெல்லாம் மெனுவில்தான். ரேஸ் ஆரம்பித்தால் வேறு மியூசிக். நல்ல பாட்டாக வந்தால் ரேஸுக்கே போகாமல் மெனுவில் உட்கார்ந்திருப்பேன். இன்னொன்று, 1993 டிசம்பரில் வந்த 'டூம்'. துப்பாக்கியும் கையுமாக ராட்சஸர்களைச் சுட்டுத் தள்ளுவது. அதன் இசையமைப்பாளர் பாபி பிரின்ஸ் வக்கீலுக்குப் படித்தவர் என்று தெரிந்ததும் எனக்குச் சகலமும் விளங்கிவிட்டது. அந்த கிட்டார் வெறி கோர்ட் வாய்தாக்களில் சேர்த்து வைத்ததாகத்தான் இருக்க வேண்டும்!

ஆறு, 'சிவிலைசேஷன் 4', வருஷம் 2005. ஆட்டம் என்னவோ நாகரிகங்களை வளர்ப்பது. எனக்கு ராஜ்யம் ஆளவெல்லாம் பொறுமை கிடையாது. ஆனால் மெனு வந்ததும் 'பாபா யேட்டு' என்று ஒரு கோஷ்டிகானம் கிளம்பும் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். ஸ்வாஹிலி மொழியில் ஏசுநாதர் கற்பித்த ஜெபம் அது. இசை கிறிஸ்டோபர் டின். அந்த ஆட்டத்தை வடிவமைத்தவரும் இவரும் காலேஜில் ரூம்மேட்டுகள்! (என் ரூம்மேட்டும் இருக்கிறான். பக்கெட்டைத் திருப்பித் தரவில்லை.) 2011-ல் இந்தப் பாட்டு கிராமி விருது வாங்கியது. வீடியோ கேமுக்காகப் போட்ட இசை ஒன்று கிராமி வாங்கியது அதுதான் முதல் தடவை. இதை நண்பரிடம் சொன்னபோது, வடையைக் கடிக்கப் போனவர் ஒரு விநாடி நிறுத்தினார். ஒரே ஒரு விநாடி.

அஞ்சாவது இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது 1978-ல், நான் பிறப்பதற்கு முந்தின வருஷம். ஜப்பானின் டைட்டோ கம்பெனியில் டொமோஹிரோ நிஷிகாடோ உண்டாக்கியது. மேலே 55 வேற்றுக்கிரகப் பிராணிகள் வரிசை கட்டி, இடமும் வலமுமாக நகர்ந்து இறங்கும். கீழே இருந்து நீங்கள் சுட வேண்டும். இசை என்று பார்த்தால் வெறும் நாலே நாலு ஸ்வரம். டும்... டும்... டும்... டும். படியிறங்குகிற மாதிரி. இதிலென்ன இருக்கிறது என்கிறீர்களா?

அந்தக் காலத்து சிப்புக்கு 55 பேரைத் திரையில் நகர்த்த மூச்சு வாங்கியது. நீங்கள் சுடச்சுட ஆள் குறையும். ஆள் குறைந்தால் சிப்புக்கு வேலை குறையும். அதனால் மிச்சம் இருக்கிறவர்கள் தன்னால் வேகமெடுப்பார்கள். நிஷிகாடோ திட்டம் போட்டுச் செய்ததல்ல. மெஷினின் இயலாமை! நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் கூடவே அந்த நாலு ஸ்வரமும் வேகமாகும். டும்டும்டும்டும்... கடைசி ஆள் ஓடும்போது, சத்தம் வருவது ஸ்பீக்கரிலிருந்தா நம் நெஞ்சிலிருந்தா என்று தெரியாது. மார்ச் 31-ம் தேதி சாயங்காலம் கணக்கு முடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நாலு, 'டெட்ரிஸ்'. நம் ஊரில் தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்கியதே, உள்ளங்கையளவு 'பிரிக் கேம்', அதன் மூலவர் இது. 1984-ல் மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. அவருடைய மெஷினில் படம் காட்டவே வழியில்லை. எழுத்துக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். பாட்டு பின்னால் சேர்ந்தது. 1989-ல் நின்டெண்டோவின் கேம் பாய்க்காக ஹிரோகாஸு தனாகா ஒரு ரஷ்யக் கிராமியப் பாட்டை எடுத்துக் கோர்த்தார். அதன் வரிகள் நெக்ராசோவ் என்ற கவிஞர் 1861-ல் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வந்தவை. விஷயம் என்ன தெரியுமா? துணி மூட்டையைச் சுமந்து ஊர் ஊராக விற்கிற வியாபாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் பேரம் பேசுகிறான். சேலை மூட்டையோடு நம் தெருவுக்கு வருவாரே, 'அக்கா, ஒரு தடவை பிரிச்சுக் காட்டறேன், வாங்க வேண்டாம்' என்று, அவருடைய பாட்டு! அதைக் கேட்டுக்கொண்டு உலகம் முழுக்க ஜனங்கள் செங்கல் அடுக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது இடம் என் பெண்ணின் சிபாரிசு. பத்தாவது படிக்கிறாள். ரெகமெண்டேஷன் செல்லாது என்றுதான் இருந்தேன், ஆனால் விதிப்படியே தேறிவிட்டது. 2023-ல் டொராண்டோவின் 'விசை கேம்ஸ்' கொண்டுவந்த 'வெண்பா'. கனடாவுக்குக் குடியேறின தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். கதை 1988-ல் ஆரம்பிக்கிறது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே கிழிந்து அழிந்திருக்கிறது. மிச்சத்தை யூகித்து இட்லி அவிக்க வேண்டும், பிரியாணி கிளற வேண்டும். இதில் யாரையும் சுட வேண்டியதில்லை! சமைக்கும்போது அடுப்படி ரேடியோ பாடும். அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாகவே மெட்டுப் போட்டு, தமிழிலேயே பாடவைத்திருக்கிறார்கள். 2024-ல் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு என்று பரிசு வாங்கியது.

முதல் நாள் விளையாடும்போது உள்ளேயிருந்து என் மனைவி, "ரேடியோவை யாரு போட்டது? சவுண்டைக் கொஞ்சம் கூட்டு" என்றாள். இருபது வருஷ தாம்பத்தியத்தில் என் வீடியோ கேமைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அடுத்தது மரியோ. ஏன் முதலிடம் இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள். நானே ஒரு வாரம் தூங்காமல் யோசித்தேன்.

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்', 1985. இசை கோஜி கோண்டோ. அந்தப் பெட்டிக்குள் அவருக்குக் கிடைத்த வித்வான்கள் நாலே பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மெட்டு, ஒருத்தர் அடிஸ்வரம், ஒருத்தருக்கு 'உஷ் உஷ்' என்று இரைய மட்டும்தான் தெரியும். தாளம் அவர் பொறுப்பு. இன்னும் கொடுமை, மரியோ காசு எடுத்தால் 'டிங்' சத்தம் போட வேறு ஆளில்லை. மெட்டு வாசிக்கிறவரே பாட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து 'டிங்' அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும்! கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரையே பந்தி பரிமாறவும் சொன்ன கதை. அப்படியும் அந்த மெட்டு நிற்கிறது. 2023-ல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், காலத்துக்கும் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. வீடியோ கேம் இசைக்கு அந்த மரியாதை அதுவே முதல்.

எங்கள் வீட்டில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் 1993-ல் எனக்கு ஒரு டி.வி. கேம் பெட்டி வாய்த்தது. பேர் ஊர் தெரியாத டூப்ளிகேட். அப்பா ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். ஷிஃப்ட் முடிந்து வந்தால், "பொட்டிக்குள்ள ஒருத்தன் குதிக்கிறான், அதை வேடிக்கை பார்க்க இங்க ஒருத்தன்" என்பார். தினமும் இதே டயலாக். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். கன்னத்தில் பாதி சோப்பு. வாயில் மரியோ! மெட்டு பிசகாமல், நடுவில் வருகிற அந்தத் தாவலோடு.

அம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நான் சிரித்துவிட்டேன். சட்டென்று நிறுத்தி, "என்னடா?" என்றார். "அப்பா, அது மரியோ." "போடா, ரேடியோவுல கேட்டது." கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் நாற்பது ரூபாய்க்குப் போட்டுவிட்டார். அதற்கப்புறமும் ஷேவிங்கின்போது அந்த 'ரேடியோ பாட்டு' மட்டும் தொடர்ந்தது. 2019-ல் அப்பா தவறினார்.

முதலிடம் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'.

1996-ல் டாஸ், லோட்டஸ் கற்றுக்கொள்ளப் போன கம்ப்யூட்டர் சென்டரில்தான் அறிமுகம். 60 நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். ஆட்டம் பூராவும் பெரும்பாலும் மௌனம். காலடிச் சத்தம், கதவு ஏறும் சத்தம், தரை பெயர்ந்து விழும் சத்தம், அவ்வளவுதான். இசை அங்கங்கே ஒரு துளி. சின்ன மருந்துக்கு ஒரு ட்யூன், பெரிய மருந்துக்கு வேறொன்று. குழியில் விழுந்து செத்தால் ஒரு ட்யூன், கத்திச் சண்டையில் செத்தால் வேறொன்று! எப்படிச் செத்தோம் என்பதற்குக்கூட மரியாதை கொடுத்த ஆட்டம். சென்டரில் கண்ணை மூடிக்கொண்டே, பக்கத்து மெஷின்காரன் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று சொல்லிவிடுவேன். அந்த மெஷின் ஸ்பீக்கருக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். கொசு வீணை வாசித்த மாதிரி இருக்கும். ஆனாலும் அதில் ஒரு சோகம் உண்டு.

ஆட்டத்தை எழுதினவர் ஜோர்டன் மெக்னர். 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக. இளவரசன் அத்தனை உயிரோடு ஓடக் காரணம், தம்பி டேவிடை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு படமாக வரைந்தார். சரி, இசை? அவருடைய அப்பா! ஃப்ரான்சிஸ் மெக்னர். தொழில்முறை இசையமைப்பாளர் இல்லை, உளவியல் ஆராய்ச்சியாளர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து சிறுவனாகத் தப்பியவர். பிள்ளை ஏதோ விளையாட்டுப் பண்ணுகிறான் என்று, உட்கார்ந்து ட்யூன் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இது எனக்குத் தெரிந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அப்புறம் 2012-ல் ஒரு செய்தி. அந்த ஆட்டத்தின் மூல புரோகிராம் எங்கே போயிற்றென்று ஜோர்டனுக்கே தெரியாமல் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பாதான் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அலமாரியின் பின்னால் கிடந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து, பிள்ளைக்கு அனுப்பி வைத்தார். உள்ளே பழைய டிஸ்க்குகள். மூல புரோகிராம் பத்திரமாக இருந்தது.

இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கே பொன்மலைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் வீட்டுல அலமாரி பெரிசு போலிருக்கு. நம்ம குவார்ட்டர்ஸ்ல எங்கடா இடம்?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நாப்பது ரூபா கம்மிதான். அம்பது கேட்டிருக்கணும்" என்றார்.

லிஸ்ட்டை நாலு பக்கமாக எழுதி நண்பரிடம் கொடுத்துவிட்டேன். வடையைத் தொடாமல் முழுசும் படித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒருமுறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கேட்காம மார்க் போட முடியாது சார். திங்கட்கிழமை லேப்டாப் எடுத்துட்டு வாங்க. அந்தக் கத்திச் சண்டைல சாகற ட்யூனை முதல்ல போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை ஹெட்போனோடு போகிறேன். மேனேஜர் ரூம் பக்கத்தில்தான் இருக்கிறது.