2,000 கஜத்துக்கு உள்ளும் வெளியும்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை தம்பி இது. புனே ஹிஞ்சவடியில் வேலை, கிவளேயில் வாடகை வீடு, கையில் கொஞ்சம் சேமிப்பு. தேஹு ரோடு பஜாரில் நம் ஆட்கள் இத்தனை பேர் இருக்கும்போது இங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன என்கிறீர்கள். நியாயமான ஆசைதான். ஆனால் இந்த ஊரில் ஏன் இருபது மாடிக் கட்டடம் ஒன்றுகூட இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏன் அவை வரிசைகட்டி நிற்கின்றன என்பது புரியாமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தேஹு என்பது இந்திராயணிக் கரையில் இருக்கிற ஊர், துக்காராம் மகராஜ் பிறந்த மண். அங்கே போகிறவர்கள் இறங்குகிற ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்ததுதான் தேஹு ரோடு. வளர்த்தது பக்தி இல்லை, ராணுவம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே கிடங்குகள் வந்தன. தளவாடங்களுக்கு ஒன்று, வெடிமருந்துக்கு ஒன்று. 1984இல் ஆர்டனன்ஸ் ஃபேக்டரியும் வந்தது. கிடங்கு வந்தால் சுமக்க ஆள் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், காவல் காக்க ஆள் வேண்டும். அப்படித்தான் தமிழ், தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள் இங்கே வேர்விட்டன. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் இந்த ஊருக்கு வந்து, ரங்கூனிலிருந்து வந்த புத்தர் சிலையை நிறுவினார். அவ்வளவு உழைப்பாளி ஜனம் அன்றைக்கே இங்கே இருந்தது. 1958இல் கண்டோன்மென்ட் போர்டு அமைந்தது.

இப்போது ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். 2001இல் தேஹு ரோடு கண்டோன்மென்ட்டில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர். 2011இல் 48,961 பேர். பத்து வருஷத்தில் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது. அதே பத்து வருஷத்தில் ஒட்டினாற்போல இருக்கிற பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 10 லட்சத்திலிருந்து 17 லட்சத்துக்குப் போனது. அதே லோக்கல் ரயில், அதே பழைய மும்பை நெடுஞ்சாலை, அதே மழை, அதே வெயில். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027 கணக்கெடுப்பாக நடக்கிறது. அதில் மாநகராட்சியின் எண் எங்கே போய் நிற்கும் என்று ராவேத் சாலையில் மாலை ஏழு மணிக்கு நின்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இந்த ஊர் யாருக்கும் வேண்டாத ஊராகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இங்கே கட்ட முடியாது, அவ்வளவுதான். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

முதல் காரணம் கண்டோன்மென்ட். உள்ளே நிலத்தின் பெரும்பகுதி பாதுகாப்பு அமைச்சகத்துடையது. கிண்ஹை, சிஞ்சோலி மாதிரி பழைய கிராம நிலங்களும் எல்லைக்குள் இருக்கின்றன, ஆனால் அங்கேயும் கட்ட அனுமதி தருவது மாநகராட்சி இல்லை, 2006ஆம் வருஷக் கண்டோன்மென்ட் சட்டத்தின்படி இயங்கும் போர்டு. அதற்குத் தலைவர் ராணுவ அதிகாரி. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் காலம் 2021 பிப்ரவரியில் முடிந்தது. 2023இல் தேர்தல் அறிவித்தார்கள், அதையும் நடக்கும் முன்பே ரத்து செய்துவிட்டார்கள். வீட்டுக்கு மேல் ஒரு மாடி போடவேண்டுமென்றால் கேட்டு நிற்க வார்டு மெம்பர்கூட இல்லாத நிலை. வளர்ந்த பிள்ளைகள் கல்யாணம் முடிந்ததும் விகாஸ்நகர், ராவேத் என்று வெளியே போனதற்கு இந்த அனுமதிச் சிக்கலைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம்தான் ரெட் ஜோன். இது கண்டோன்மென்ட் எல்லையோடு நிற்பதில்லை. அதைத் தாண்டி மாநகராட்சிக்குள்ளும் நீள்கிறது. ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1903இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான்: பாதுகாப்புப் பணிகள் சட்டம். ராணுவக் கிடங்கைச் சுற்றியுள்ள தனியார் நிலத்தை அரசு வாங்காமலே, அங்கே என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்று தடை போட இந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது. மூன்று வளையங்கள். கிடங்கின் வெளிவிளிம்பிலிருந்து 2,000 கஜம், அதாவது 1,829 மீட்டர் வரை ராணுவத் தளபதியின் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டடமோ சுவரோ எழுப்பக்கூடாது, மேட்டைக்கூட மாற்றக்கூடாது. 1,000 கஜத்துக்குள் நிரந்தரப் பொருளால் எதுவும் கூடாது. சுலபமாகப் பிரித்துவிடக்கூடிய மரக்குடிசை மாதிரியானவை மட்டும், அதுவும் அனுமதியோடு. 500 கஜத்துக்குள் கம்பி வேலியும் முள்வேலியும் போட்டால் உண்டு. தடையால் நஷ்டப்படுகிறவருக்கு ஈடு தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

தேஹு ரோடு வெடிமருந்துக் கிடங்குக்கு அந்த 2,000 கஜத்தை அறிவித்திருக்கிறார்கள். அந்த வளையம்தான் ரெட் ஜோன். வரைபடத்தில் கோடு இழுத்தால் தளவடே, ரூபிநகர், நிக்டியின் ஒரு பகுதி, கிவளேயின் ஒரு பகுதி எல்லாம் உள்ளே விழுகின்றன. கோட்டுக்கு ஒரு பக்கம் பதிவுசெய்த ஃபிளாட், மறுபக்கம் வங்கி தொடாத வீடு. நடுவில் ஒரு தெருதான் இருக்கும்.

இது வெறும் காகிதத் தடை, அந்தக் காலத்துப் பயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2016 மே 31 அன்று வார்தா மாவட்டம் புல்காவில் உள்ள மத்திய வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்தது. அதிகாரிகளும் தீயணைப்பு ஊழியர்களுமாகப் பதினைந்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சுற்றுக் கிராமங்களை ராத்திரியோடு ராத்திரியாகக் காலிசெய்தார்கள். 2000இல் ராஜஸ்தான் பரத்பூரிலும் ஒரு கிடங்கு பற்றி எரிந்தது. அந்த 2,000 கஜம் வேண்டும்தான். என் ஆதங்கம் வேறு.

அதற்கு முன்னால் வெளியே என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். ஆற்று நடுவில் பாறை இருந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் வேகமாக ஓடுமே, அப்படித்தான் ஆனது. 1997இல் ராவேத், கிவளே, மாமுர்டி, புனாவளே உட்பட ஏராளமான கிராமங்கள் மாநகராட்சியோடு சேர்ந்தன. 2002இல் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே முழுதாகத் திறந்தபோது அது வந்து இறங்கிய இடம் கிவளே. அங்கிருந்தே காத்ரஜ் போகிற பைபாஸ், வழியில் வாகட், ஹிஞ்சவடி ஐடி பார்க். மும்பைக்கும் பெங்களூருக்கும் ஒரே வாசல். 2012இல் கஹுஞ்சேயில் கிரிக்கெட் ஸ்டேடியம் வந்தது, பக்கத்திலேயே பெரிய டவுன்ஷிப். 2020 டிசம்பரில் மாநிலம் முழுக்கப் பொதுவான கட்டட விதிகள் வந்து, பணம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ, அதாவது கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் பரப்பு, வாங்கி மாடியை உயர்த்திக்கொள்ள வழி திறந்தது. கரும்பும் சோளமும் நின்ற வயலில் டவர்கள் எழும்பின. லண்டனைச் சுற்றிக் கட்டடமே கூடாது என்று பச்சை வளையம் போட்டபோதும் ஜனம் நின்றுவிடவில்லை. வளையத்தைத் தாண்டிப் போய்க் குடியேறி, வேலைக்கு ரயிலில் லண்டன் வந்தது. அதுவாவது யோசித்துப் போட்ட வளையம். நம் ஊரில் கிடங்குக்காகப் போட்ட கோடு, யாரும் திட்டமிடாமலே ஊரின் வடிவத்தையே முடிவுசெய்துவிட்டது.

வளர்ந்த பக்கமும் சுகமாக இல்லை. மாநகராட்சிக்குக் குடிநீர் முக்கியமாகப் பவனா ஆற்றிலிருந்து, ராவேத் அணைக்கட்டில் இறைத்து வருகிறது. 2019 நவம்பரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். பவனா அணையிலிருந்து நேரடியாகக் குழாய் போட முன்பு எடுத்த முயற்சியை மாவள் தாலுகா விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று அந்தப் போராட்டத்தில் எக்ஸ்பிரஸ்வேயில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். அதன்பிறகு அந்தக் குழாய் வேலை வருஷக்கணக்கில் நின்றது. விளம்பரத்தில் நீச்சல்குளம் படம் பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். டேங்கர் செலவு மாதாமாதம் மெயின்டனன்ஸில் வந்து ஏறும்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். ரெட் ஜோனுக்குள் கட்டக்கூடாது என்றால் அந்த நிலத்தின் விலை என்ன ஆகும்? பில்டர் வரமாட்டார், வங்கி கடன் தராது, விலை விழும். விழுந்த விலைக்கு யார் வருவார்? சிஞ்ச்வட், போசரி, தளவடே ஆலைகளில் வேலை செய்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி, ரிக்‌ஷா ஓட்டுகிறவர், வீட்டுவேலை செய்கிற அம்மா. அவர்களுக்கு நிலத்தைக் குண்டா கணக்கில் விற்றார்கள். ஒரு குண்டா 1,089 சதுர அடி, நம் ஊர்க் கணக்கில் இரண்டரை சென்ட். 1947ஆம் வருஷத்து நிலத் துண்டாடல் தடுப்புச் சட்டப்படி விவசாய நிலத்தை அப்படித் துண்டுபோட்டு விற்கக் கூடாது என்று இருந்தது, பதிவும் ஆகவில்லை. அதனால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று அறை போட்டார். மின்சார மீட்டர் வந்தது. மாநகராட்சி சொத்துவரி ரசீதும் வந்தது. ரசீது வந்துவிட்டதே, வீடு செல்லும் என்று நம்பினார். வரி வாங்குவது வேறு, அனுமதி தருவது வேறு. அனுமதியில்லாத கட்டடம் என்பதற்காக அபராத வரியாக ‘சாஸ்தி கர்’ என்று ஒன்றையும் சேர்த்தே வசூலித்தார்கள். அதை மாநில அரசு 2023இல்தான் ரத்து செய்தது.

ஏழைகளுக்கு மட்டும் நேர்ந்த குழப்பம் என்றும் நினைக்க வேண்டாம். குடிசைவாசிகளுக்காக நிக்டி செக்டர் 22இல் மத்திய அரசுப் பணத்தில் மாநகராட்சியே அடுக்குமாடி கட்டத் தொடங்கியது. அந்த இடம் ரெட் ஜோனில் வருகிறது என்று வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் போனது, வேலை நின்றது. அரைகுறைக் கட்டடங்கள் வருஷக்கணக்கில் அப்படியே நின்றன. பொறியாளரும் வரைபடமும் வக்கீலும் வைத்திருக்கிற மாநகராட்சிக்கே கோடு எங்கே போகிறது என்பது கட்டும்போது கணக்கில் வரவில்லை. நோட்டரி பேப்பரோடு நிற்கிற தொழிலாளியை மட்டும் ஏன் விசாரிக்காமல் வாங்கினாய் என்று கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டத்திலேயே ஈடு உண்டு என்றேனே. கோட்டை இழுத்த அன்றைக்கே நிலக்காரருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வே நம்பரின் ஸாத்பாரா என்கிற நிலப் பதிவேட்டிலும் ரெட் ஜோன் என்று எழுதிவைத்திருந்தால் இத்தனை குடும்பங்கள் மாட்டியிருக்காது. தடை போடுவது மட்டும் நடந்தது. எழுதவேண்டியதை எழுதவில்லை, கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை. கிடங்கு அங்கேயே இருக்கட்டும், பாதுகாப்பு தூரமும் இருக்கட்டும். ஆனால் ஊருக்கான பாதுகாப்பின் விலையை ரூபிநகர்க்காரர் மட்டும் கட்டுவது அநியாயம்.

கண்டோன்மென்ட் கலைந்துவிடும், எல்லாம் மாநகராட்சிக்குப் போய்விடும், விலை ஏறும் என்று புரோக்கர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதில் பாதி உண்மை. மக்கள் குடியிருப்புகளைக் கண்டோன்மென்ட்டிலிருந்து பிரித்து உள்ளாட்சிகளோடு சேர்ப்பது மத்திய அரசின் முடிவு. 2023இல் ஹிமாசலப் பிரதேசத்து யோல் முதலில் பிரிந்தது. தேஹு ரோடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பிரிந்தால் மாறப்போவது முதல் காரணம் மட்டும்தான்: அனுமதி தருகிற அலுவலகம் மாறும், வார்டு மெம்பர் வருவார், ரோடும் சாக்கடையும் மேம்படலாம். இரண்டாவது காரணம் அப்படியே இருக்கும். போர்டு கலைந்தாலும் வெடிமருந்து அங்கேயேதான் இருக்கும், 1903ஆம் வருஷச் சட்டமும் இருக்கும், 2,000 கஜமும் இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற புரோக்கரிடம் அடுத்த டீ குடிக்காதீர்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். எந்த வீடானாலும் முதலில் சர்வே நம்பரைக் கேளுங்கள். மகாராஷ்டிர அரசின் தளத்தில் ஸாத்பாரா உதாரா எடுத்து, விற்கிறவர் பேர் அதில் தனியாக இருக்கிறதா, பத்துப் பேரோடு சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அந்த சர்வே நம்பருக்கு ஜோன் தாக்லா, அதாவது மண்டலச் சான்றிதழ், எழுத்தில் வாங்குங்கள். ரெட் ஜோனில் வருகிறதா என்று அந்த மனுவிலேயே தனியாகக் கேளுங்கள். கண்டோன்மென்ட் எல்லைக்குள் என்றால் போர்டு அலுவலகத்தில் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். புது ஃபிளாட் என்றால் மகாரெரா (மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள், விளம்பரத் தாளில் இருப்பதை நம்பவேண்டாம். பெரிய வங்கி ஒன்று அந்தக் கட்டடத்துக்குக் கடன் கொடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், கடன் தேவையில்லை என்றாலும் கேளுங்கள். ‘இந்த ஏரியாவுக்கு லோன் மட்டும் வராது சார், மத்தபடி ஒண்ணும் பிராப்ளம் இல்ல’ என்று விற்கிறவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நகரமைப்புப் பிரிவுக்கு லீவு நாளில் போய்ப் பிரயோஜனமில்லை. திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். சர்வே நம்பரையும் கிராமத்தின் பெயரையும் மராத்தியில் எழுதி எடுத்துப் போங்கள்.