ஒரு பாக்கெட்டில் பதினைந்து கார்டு

1991இல் ரிச்சர்டு கார்ஃபீல்டு அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தான் உருவாக்கிய பலகை விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பீட்டர் அட்கிசனைப் பார்க்கப் போனார். போயிங்கில் வேலை பார்த்தபடியே விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சின்ன நிறுவனத்தை நடத்தி வந்தவர் அட்கிசன். விளையாட்டு பிடித்திருந்தது, ஆனால் அதைத் தயாரிக்கும் செலவு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. வேறொன்று கேட்டார். விளையாட்டு மாநாடுகளில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் சட்டென்று எடுத்து ஆடி முடிக்க வேண்டும், பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு கார்ஃபீல்டு கண்டுபிடித்த விடை, ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற பெயரில் 1993 ஆகஸ்டில் கடைக்கு வந்தது.

சாதாரணச் சீட்டுக்கட்டில் எல்லோருக்கும் அதே 52 சீட்டுகள்தான். மேஜிக்கில் ஆடுபவர் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். முதல் வெளியீட்டில் ஏறத்தாழ 300 வகைக் கார்டுகள் இருந்தன. எந்தப் பெட்டியை வாங்கினாலும் அவை முழுதாகக் கிடைக்காது. ‘பூஸ்டர்’ என்று விற்ற சிறு பாக்கெட்டில் அன்று பதினைந்து கார்டுகள்: பதினொன்று சாதாரணம், மூன்று கொஞ்சம் அரிது, ஒன்று மிக அரிது. எது வரும் என்பது பிரித்தால்தான் தெரியும். முதலில் அச்சடித்த சுமார் 26 லட்சம் கார்டுகள் எதிர்பார்த்ததைவிட வெகு வேகமாகத் தீர்ந்தன. அடுத்து அச்சடித்த 73 லட்சமும் நிற்கவில்லை.

படம் போட்ட அட்டைகளைச் சேர்க்கும் பழக்கம் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிகரெட் பெட்டிகளுக்குள் அட்டை வைத்து விற்றார்கள். பேஸ்பால் வீரர்களின் அட்டைகளுக்கு அமெரிக்காவில் பெரிய சந்தையே இருந்தது. ஆனால் அவற்றைப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கார்ஃபீல்டின் கார்டுகளுக்கு வேலை இருந்தது.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள ‘பிளாக் லோட்டஸ்’ (கறுப்புத் தாமரை) என்ற ஒரே கார்டைப் பார்த்தால் போதும். ஆட்டத்தில் இரண்டு மந்திரவாதிகள் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். நிலக் கார்டுகளை முறைக்கு ஒன்றாக மேஜையில் வைத்து, அவற்றைப் பக்கவாட்டில் திருப்பி ‘மானா’ என்ற சக்தியை எடுக்க வேண்டும். அந்தச் சக்தியைச் செலவழித்துத்தான் பூதத்தையோ மந்திரத்தையோ இறக்க முடியும். ஆகவே பெரிய கார்டுகளுக்குப் பல முறை காத்திருக்க வேண்டும். கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த கறுப்புத் தாமரைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. செலவில்லாமல் அதை வைக்கலாம். அந்தக் கணமே தூக்கி எறிந்து மூன்று மானா எடுத்துக்கொள்ளலாம். நான்காவது முறையில் நடக்க வேண்டியது முதல் முறையிலேயே நடந்துவிடும்.

இவ்வளவு பலமான கார்டை ஏன் விட்டார்கள்? முதல் அச்சில் அது சுமார் 1,100தான். மற்ற விளையாட்டுகளுக்குச் செலவழிக்கும் அளவுக்கே மக்கள் இதற்கும் செலவழிப்பார்கள், ஒரு நண்பர் வட்டத்தில் ஒன்றிரண்டு அரிய கார்டுகளுக்கு மேல் இருக்காது என்பது கணக்கு. மக்களோ பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஒரே கார்டு ஒரு கட்டில் நான்குக்கு மேல் கூடாது, மிகப் பலமானவை ஒன்றுக்கு மேல் கூடாது என்று 1994இல் விதிகள் போட வேண்டியிருந்தது. ஆட்டத்துக்குத் தலைவலியான அந்தப் பிழைக்கணக்குதான் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியது. மேஜையில் ஜெயிக்க வைக்கும் கார்டுக்குச் சந்தையில் விலை ஏறியது. விலை ஏறியதைப் பார்த்து, ஆடாதவர்களும் பாக்கெட் வாங்க வந்தார்கள்.

இந்த இரண்டு கூட்டத்தாரையும் ஒருசேரத் திருப்திப்படுத்துவது லேசான காரியமல்ல. 1995இல் பழைய கார்டுகள் பலவற்றை நிறுவனம் மறுபடி அச்சடித்தது. புதிதாக வந்தவர்களுக்கு அது நல்ல செய்தி. சேகரித்து வைத்திருந்தவர்களும் கடைக்காரர்களும் கொதித்துப்போனார்கள். அவர்கள் கையிலிருந்த கார்டுகளின் விலை சரிந்தது. 1996இல் நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிட்டு, இந்தக் கார்டுகளை இனி அச்சடிக்கவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. சந்தையின் நம்பிக்கையைக் காப்பாற்றியது அந்த வாக்குதான். கையில் காசில்லாத இளைஞர்களுக்குக் கதவை அடைத்ததும் அதுவேதான். அந்தப் பட்டியலில் இருந்த கறுப்புத் தாமரையின் முதல் அச்சுப் பிரதி ஒன்று 2024இல் 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஜப்பானில் 1996இல் வந்த போக்கிமான் கார்டுகள் இந்த வழியைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்தன. 1999இல் அமெரிக்காவில் அவற்றை வெளியிட்டதும் விஸார்ட்ஸ்தான். பள்ளிக்கூடங்கள் தடை போடும் அளவுக்கு மோகம் பரவியது. அதே ஆண்டில் ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனம் விஸார்ட்ஸைச் சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றைக்குப் பெரிய தொகைதான். ஆனால் 2022இல் மேஜிக் ஒன்றே ஒரே ஆண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் விற்றது.

போக்கிமான் கார்டு வாங்குகிறவர்களில் ஏராளமானோருக்கு ஆட்டத்தின் விதியே தெரியாது. பிடித்த உருவத்துக்காகவும் விலைக்காகவும் வாங்குகிறார்கள். 2023 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகம், சாம்பல் நிறத் தொப்பி போட்ட பிகாச்சு என்ற போக்கிமானின் கார்டு ஒன்றைப் பார்வையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. மறுவிற்பனைக்காக வந்தவர்கள் முண்டியடித்ததில், சில வாரங்களிலேயே பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

பாக்கெட்டைப் பிரிக்கும் கைக்கு இருக்கும் பரபரப்பையும் மறைக்கக் கூடாது. எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் ஒரு செயலை விடாமல் செய்வோம் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். பாக்கெட்டுக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் உள்ள தூரம் பல பெற்றோர் நினைப்பதைவிடக் குறைவு. பிள்ளையின் பாக்கெட் மணி எங்கே போகிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆனாலும் வெறும் சூதாட்டமாக இருந்திருந்தால் இது முப்பது ஆண்டுகளைத் தாண்டியிருக்காது. வெள்ளிக்கிழமை மாலைகளில் கார்டுக் கடைகளில் நடக்கும் ‘டிராஃப்ட்’ ஆட்டத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாக்கெட் பிரிப்பார்கள். ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கத்துக்காரரிடம் கொடுக்க வேண்டும். பாக்கெட் தீரும்வரை இப்படியே சுற்றும். இரண்டாவது பாக்கெட் வலப்பக்கம் போகும், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். பக்கத்து ஆள் எந்த நிறக் கார்டுகளைச் சேர்க்கிறார் என்று, வராத கார்டுகளை வைத்தே ஊகிக்க வேண்டும். பிறகு, கிடைத்ததை வைத்துக் கட்டு அமைத்து மோதுவார்கள். வீட்டில் லட்சம் ரூபாய்க் கார்டு வைத்திருப்பவருக்கு அங்கே எந்தச் சலுகையும் கிடையாது.

இதைவிடச் சிக்கனமாக, ‘பாப்பர்’ என்றொரு வகையையும் ஆட்டக்காரர்களே உருவாக்கினார்கள். அதில் சாதாரண வகைக் கார்டுகளுக்கு மட்டுமே இடம். பாக்கெட் பிரித்தவர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் கார்டுகளிலிருந்தே நல்ல கட்டு அமைத்துவிடலாம். 2019இல் நிறுவனமே அதற்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கொடுத்தது.